டியர்பார்ன் ஏன் கைவிட்டது? 2024 மிச்சிகன் தோல்வியும் காசாவும் – விவாத இழை

மிச்சிகன் மணி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே,

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி இங்கே ஏற்கெனவே நாலைந்து இழைகள் ஓடியிருக்கின்றன. அவற்றில் பாதி துளசேந்திரபுரத்துக் கோயில் பூஜையோடு நின்றுவிட்டன. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊர் என்பதால் நமக்கு ஆர்வம் வருவது இயல்புதான். மிச்சிகன் பக்கம் வந்தால் மட்டும் எல்லோரும் ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்: "காசாவால் முஸ்லிம்கள் கைவிட்டார்கள், ஹாரிஸ் தோற்றார்." நான் இருப்பது கேன்டன். அரபு அமெரிக்கர்கள் அதிகம் வாழும் டியர்பார்னுக்கு அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் கணக்கு. 2020-இல் மிச்சிகனில் பைடன் வாங்கியது 28.04 லட்சம் ஓட்டு, டிரம்ப் 26.50 லட்சம். வித்தியாசம் 1.54 லட்சம். 2024-இல் டிரம்ப் 28.17 லட்சம், ஹாரிஸ் 27.37 லட்சம். வித்தியாசம் 80,000 சொச்சம். காசா விஷயத்தில் கோபப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன், மாகாணம் முழுவதும் வாங்கியது சுமார் 44,600. அவ்வளவையும் தூக்கி ஹாரிஸ் கணக்கில் போட்டாலும் 35,000-க்கு மேல் பற்றாக்குறை.

அப்புறம் இன்னொன்று. பைடன் வாங்கியதில் ஹாரிஸுக்குக் குறைந்தது 67,000 ஓட்டு. டிரம்புக்குக் கூடியது 1.67 லட்சம். பெரிய எண் எந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள்.

என் கருத்து: டியர்பார்ன் அப்படியே பழையபடி ஓட்டுப் போட்டிருந்தாலும் ஹாரிஸ் மிச்சிகனில் தோற்றிருப்பார். அதற்காகக் காசா பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்சிக்குக் காலங்காலமாக ஓட்டுப் போட்டவர்கள் எப்போது, எதனால் கழன்று போகிறார்கள் என்பதைப் பேசலாம்.

---

கார்த்திக், ஹூஸ்டன்

மணி சொல்வதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகலாம். 2020-இல் தேசிய அளவில் பைடன் 4.5 சதவீதப் புள்ளி முன்னிலையில் இருந்தார். 2024-இல் டிரம்ப் 1.5 புள்ளி முன்னிலை. மொத்தம் 6 புள்ளி சரிவு. மிச்சிகனில் சரிவு 4 புள்ளியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நாட்டின் சராசரியைவிட மிச்சிகன் குறைவாகத்தான் நகர்ந்திருக்கிறது! நியூ ஜெர்சியைப் பாருங்கள். பைடன் 16 புள்ளியில் ஜெயித்த இடம், ஹாரிஸ் 6 புள்ளியில் தப்பித்தார்.

எங்கள் டெக்சஸில் ஸ்டார் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று ஒன்று இருக்கிறது. மெக்சிகோ எல்லை, ரியோ கிராண்ட் ஆற்றங்கரை. மக்களில் 97 சதவீதம் போல ஹிஸ்பானியர்கள். 1892-க்குப் பிறகு, 2024-க்கு முன்பு வரை, ஒரு தடவைகூட குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு அங்கே பெரும்பான்மை கிடைத்ததில்லை. 2016-இல் ஹிலாரிக்கு 79 சதவீதம், 2020-இல் பைடனுக்கு 52, 2024-இல் டிரம்புக்கு 58. அங்கே யாரும் காசாவைப் பற்றிப் பேசவில்லை. பேசியது விலைவாசி, எல்லை, எண்ணெய் வயல் வேலை.

வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பில் "வெளியுறவுக் கொள்கைதான் என் முதல் பிரச்சினை" என்றவர்கள் 4 சதவீதம். பொருளாதாரம் என்றவர்கள் 32. இதற்கு மேல் என்ன வேண்டும்?

---

நூர்ஜஹான், டியர்பார்ன்

// நாட்டின் சராசரியைவிட மிச்சிகன் குறைவாகத்தான் நகர்ந்திருக்கிறது //

கார்த்திக் தம்பி, மாகாணக் கணக்கை எடுத்து எங்கள் ஊர்மேல் போர்த்த வேண்டாம். டியர்பார்ன் 2020-இல் பைடனுக்கு 69 சதவீதம் கொடுத்த ஊர், டிரம்புக்கு 30. 2024-இல் டிரம்ப் 42, ஹாரிஸ் 36, ஸ்டைன் 18. அதாவது 39 புள்ளி முன்னிலை போய் 6 புள்ளி பின்னடைவு. நாடு 6 புள்ளி நகர்ந்தபோது நாங்கள் 45 புள்ளி நகர்ந்தோம். முட்டை விலை எல்லா ஊரிலும்தான் ஏறியது. அதற்காக ஒரு ஊர் மட்டும் இப்படிக் குடைசாயாது.

நான் கீழக்கரைக்காரி. கல்யாணமாகி வந்து, குடியுரிமை வாங்கி, இங்கேயே வேரூன்றிவிட்டோம். வீடு வாரன் அவென்யூ பக்கம். எங்கள் தெருவில் நிறையப் பேர் தெற்கு லெபனானிலிருந்து வந்தவர்கள். பிந்த் ஜுபைல் என்கிற ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்களே அவ்வளவு இருக்கின்றன. அந்த ஊர்ப் பெயரில் இங்கே ஒரு கலாசார மையமே உண்டு. 2024 செப்டம்பர் 23 அன்று தெற்கு லெபனான் மீது பெரிய அளவில் விமானத் தாக்குதல் தொடங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் அடுத்த வீட்டு அக்கா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, தங்கை அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். சைதாவிலிருந்து பெய்ரூட் போகிற சாலை முழுக்கக் கார்கள், நகரவே இல்லை, பிள்ளைகள் பின்சீட்டில் அழுகிற சத்தம். ஒரு பதிவு பாதியில் நின்றுவிட்டது. அடுத்தது வருகிறவரை அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. 2020-இல் பைடனுக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டியவர் அவர். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அக்டோபர் 1-ஆம் தேதி எங்கள் ஊர்வாசி ஒருவரே அங்கே குண்டுவீச்சில் இறந்தார். வயதான தாயைப் பார்த்துக்கொள்ளப் போனவர். இதை "வெளியுறவுக் கொள்கை, 4 சதவீதம்" என்று எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது? இங்கே இருப்பவர்களுக்கு அது சொந்தபந்தம், எழவு வீடு.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. நாங்கள் கடைசி நேரத்தில் காலை வாரவில்லை. பிப்ரவரி மாதமே சொன்னோம். பிப்ரவரி 27 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்), யாருக்கும் உறுதி சொல்லவில்லை என்று குறிக்கிற "அன்கமிட்டட்" கட்டத்தில் 1 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 2012-இல் ஒபாமா மட்டும் நின்றபோது அதே கட்டத்தில் விழுந்தது சுமார் 21,000. ஒரு கட்சியின் சொந்தக்காரர்கள், அந்தக் கட்சியின் சொந்தத் தேர்தலுக்கு வந்து, வரிசையில் நின்று, எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தது.

அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது? ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்துப் பொதுக்கூட்டத்தில் காசாவுக்காகக் கோஷம் போட்டவர்களைப் பார்த்து, டிரம்ப் ஜெயிக்க வேண்டுமானால் அப்படியே சொல்லுங்கள், இல்லையென்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார் ஹாரிஸ். சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில் பாலஸ்தீன வம்சாவளியினர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜார்ஜியா மாகாண சபை உறுப்பினர் ருவா ரொம்மன் பேசத் தயாராக இருந்தார். அவர் ஹாரிஸை ஆதரித்தே பேச இருந்தவர். அதுவும் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஈராக் போர் தொடங்கியபோது துணை அதிபராக இருந்த டிக் செனியின் மகள் லிஸ் செனியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஓக்லாந்து கவுண்டிக்கு வந்தார். ஈராக்கிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் டியர்பார்னிலும் இருக்கின்றன. செனி என்ற பெயர் அவர்கள் காதில் எப்படி விழும் என்று பிரசாரக் குழுவில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? அதே மாதக் கடைசியில் பில் கிளின்டன் மிச்சிகனுக்கு வந்து, ஹமாஸ்தான் பொதுமக்களைக் கொல்லும்படி இஸ்ரேலைக் கட்டாயப்படுத்துகிறது என்ற தொனியில் பேசிவிட்டுப் போனார்.

டிரம்ப் நவம்பர் 1 அன்று டியர்பார்னுக்கே வந்து ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசினார். அவர் மகள் டிஃபனியின் மாமனார் மசாத் பூலோஸ் லெபனான்காரர். மாதக்கணக்கில் இங்கே வீடுகளுக்கும் கடைகளுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்து கேட்டார் என்பதே இங்கே பலருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா டிரம்புக்குப் போட்டார். நான் ஸ்டைனுக்குப் போட்டேன். என் மகள், முதல் ஓட்டு, ஹாரிஸுக்குப் போட்டாள். மூன்று பேருமே கீழே வந்து காங்கிரஸ் உறுப்பினர் இடத்தில் ரஷீதா தலைபுக்குக் குறித்தோம். அவர் ஜனநாயகக் கட்சிதான். டியர்பார்னில் அவருக்கு 62 சதவீதம். அதே வாக்குச்சீட்டில் ஹாரிஸுக்கு 36. கட்சியை விட்டா போனோம்? சொல்லுங்கள்.

---

மிச்சிகன் மணி

நூர் அக்கா, இந்த 62-க்கும் 36-க்கும் உள்ள இடைவெளிதான் இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாகாண அளவிலும் இதன் சாயல் இருக்கிறது. டிரம்ப் 80,000-இல் ஜெயித்த அதே நாளில், செனட் இடத்தில் ஜனநாயகக் கட்சியின் எலிசா ஸ்லாட்கின் சுமார் 19,000 வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஒரு தகவல் சேர்க்கிறேன். தேர்தலுக்கு முன்பு ஃபியூச்சர் கோயலிஷன் என்ற பெயரில் ஒரு பிரசார நிதிக் குழு விளம்பரம் போட்டது. மிச்சிகனில் அரபு மக்கள் இருக்கும் பகுதிகளில் மொபைலைத் திறந்தால், ஹாரிஸ் இஸ்ரேலுக்கு எவ்வளவு உறுதியான நண்பர், அவர் கணவர் டக் எம்ஹாஃப் யூதர் என்று புகழ்கிற மாதிரி விளம்பரம். அதே குழு பென்சில்வேனியாவில் யூதர்கள் இருக்கும் பகுதிகளில், ஹாரிஸ் பாலஸ்தீனத்துக்கு வளைந்துகொடுக்கிறார் என்று விளம்பரம் போட்டது. குடியரசுக் கட்சிப் பக்கத்துப் பணம். ஒரே வேட்பாளர்மேல் இரண்டு ஊரில் இரண்டு எதிரெதிர்க் குற்றச்சாட்டு, இரண்டும் எடுபட்டது. ஹாரிஸ் தன் வாயால் தெளிவாக ஒரு நிலை எடுத்திருந்தால் இதற்கு இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

---

தாமிரபரணி ஆசிரியர்

நூர் அம்மா எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் பழைய தேர்தல்கள் சிலவற்றை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1968. வியட்நாம் போர். மார்ச் 31 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் போட்டியிட மாட்டேன் என்று அறிவித்தார். துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானார். பிரைமரிகளில் நின்று ஜெயித்து வந்தவர் அல்லர். மாநாடு கொடுத்த வேட்பாளர். மாநாடு நடந்தது சிகாகோவில். உள்ளே மாநாடு, வெளியே போர் எதிர்ப்பாளர்கள்மேல் போலீஸ் தடியடி. இதைப் படிக்கும்போதே 2024 உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். போட்டியிலிருந்து விலகிய அதிபர், பிரைமரி இல்லாமல் வந்த துணை அதிபர், அதே சிகாகோ, வெளியே அதே போல ஒரு போருக்கு எதிரான கூட்டம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஹம்ஃப்ரி செப்டம்பர் முழுவதும் ஜான்சனின் போர்க் கொள்கையைச் சுமந்துகொண்டே அலைந்தார். போன இடமெல்லாம் கூச்சல். செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் ஒரு தொலைக்காட்சி உரையில், அமைதிக்காக நான் குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்றார். ஜான்சனிடமிருந்து ஓரடி விலகினார், அவ்வளவுதான். அதிலிருந்து கூச்சல் அடங்கியது, நிக்சனுடன் இருந்த இடைவெளி சுருங்க ஆரம்பித்தது. கடைசியில் ஏழு கோடிக்கும் மேல் விழுந்த ஓட்டில் சுமார் 5 லட்சத்தில் தோற்றார். அந்த ஓரடியை ஆகஸ்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

ஹாரிஸுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. அக்டோபர் 8 அன்று 'தி வியூ' நிகழ்ச்சியில், பைடன் செய்ததில் நீங்கள் வேறு மாதிரிச் செய்திருக்கக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். நட்பான கேள்வி, நட்பான மேடை. காசா என்று வாயைத் திறக்கக்கூட வேண்டாம், விலைவாசி பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். எனக்கு அந்தப் பெண்மணி மேல் மதிப்பு உண்டு. அதனால்தான் அந்தப் பதிலைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது.

இரண்டாவது, டியர்பார்னுக்குப் பக்கத்து ஊர் ஹாம்ட்ராமிக். டெட்ராய்ட் நகரம் சுற்றிச் சூழ்ந்திருக்கும் சின்ன ஊர். டாட்ஜ் கார் தொழிற்சாலைக்காகப் போலந்துக்காரர்கள் வந்து குவிந்த ஊர் அது; 1987-இல் போப் இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து போனார். அப்படிப்பட்ட ஊர்களின் ஓட்டுக்காக அந்தக் காலத்து வேட்பாளர்கள் கிழக்கு ஐரோப்பாவை சோவியத் பிடியில் விட்டதாகப் போலந்துக்காரர்கள் குமுறிய யால்டா மாநாட்டையும் சோவியத் ஆதிக்கத்தையும் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருந்தது. 1976 அக்டோபர் 6 விவாதத்தில் அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். போலந்து வம்சாவளியினர் கொதித்துப்போனார்கள். திருத்திச் சொல்லவே அவருக்குப் பல நாள் ஆனது. இன்று அதே ஹாம்ட்ராமிக்கில் ஏமன்காரர்களும் வங்கதேசத்தவர்களும். 2020-இல் பைடனுக்கு 85 சதவீதம் கொடுத்த ஊர், 2024-இல் ஹாரிஸுக்கு 46, டிரம்புக்கு 43. மேயர் ஆமிர் காலிப் வெளிப்படையாக டிரம்பை ஆதரித்தார். குடியிருப்பவர்கள் மாறினார்கள், சொந்த நாட்டுக்கு என்ன செய்தாய் என்று வேட்பாளரிடம் கேட்கிற பழக்கம் அந்தத் தெருக்களில் மாறவில்லை.

மூன்றாவது, 2000. டிரம்புக்கு அரபு மக்கள் போட்டது ஏதோ வரலாற்றில் இல்லாத அதிசயம் போலப் பலர் எழுதுகிறார்கள். 2000-இல் ஜார்ஜ் புஷ் டியர்பார்ன் வந்து அரபு அமெரிக்கத் தலைவர்களைச் சந்தித்தார். அக்டோபர் 11 விவாதத்தில், குடியேற்ற வழக்குகளில் ரகசிய சாட்சியத்தைக் காட்டி அரபு அமெரிக்கர்களைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் மேடையில் சொன்னார். அல் கோர் தரப்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று புஷ்ஷை ஆதரித்தது. அப்புறம் என்ன? 2001 செப்டம்பர் 11, அடுத்த மாதமே அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைப் பெருக்கிய பேட்ரியாட் சட்டம், 2003-இல் ஈராக் போர். 2004-க்குள் அந்த ஓட்டு மொத்தமாக ஜான் கெர்ரி பக்கம் போய்விட்டது.

ஆக, வெளியுறவுக் கொள்கைக்காக நகர்கிற ஓட்டு வாடகைக்குக் குடிவருகிற மாதிரி. வீடு பிடிக்கவில்லையென்றால் காலி செய்துவிடும். புதிதாகப் பிடித்தவர் அது தனக்கே சொந்தம் என்று நினைத்தாலும் ஏமாறுவார், இழந்தவர் அது திரும்ப வரவே வராது என்று நினைத்தாலும் ஏமாறுவார். புஷ்ஷும் முதல் வகையில் சேர்கிறார்.

---

செல்வநாயகி, டொரோண்டோ

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தனான். இந்த இழையை வாசிக்கேக்க 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் ஞாபகம் வராமல் இருக்க முடியவில்லை. "இரண்டு பேரும் எங்களுக்கு ஒன்றுதான்" என்று சொல்லி வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே இல்லை; யாழ் மாவட்டத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மகிந்த ராஜபக்ச சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே நான் விளக்கத் தேவையில்லை.

நூர் அக்கா, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் அந்த வாக்குச்சீட்டோடு நின்ற மனநிலை எனக்கு நல்லாகத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் ஒன்று என்று சொன்ன பிறகு, இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்துகொள்வார்கள் என்று இல்லை. அதைத்தான் நாங்கள் கண்டோம்.

---

கார்த்திக், ஹூஸ்டன்

செல்வநாயகி அக்கா, மரியாதையோடு ஒரு வேறுபாடு சொல்கிறேன். 2005-இல் வடக்கில் மக்கள் தாமாக முடிவெடுத்து ஒதுங்கவில்லை, புறக்கணிக்கும்படி புலிகளின் அழுத்தம் இருந்தது. டியர்பார்னில் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறார்கள். நூர் அக்கா வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாகவே மூன்று விதம்.

டியர்பார்ன் 45 புள்ளி நகர்ந்ததற்கு விலைவாசி போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஸ்டைனுக்கு 18 சதவீதம் போனது காசா என்றால், டிரம்பின் 30 எப்படி 42 ஆனது? ஹாம்ட்ராமிக்கில் 13 எப்படி 43 ஆனது? பாலஸ்தீனத்துக்காகக் கோபப்படுகிறவர், அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியவருக்கா போடுவார்? அங்கே பள்ளிப் பாடத்திட்டம், பாலினம் பற்றிய சர்ச்சைகள் 2022-இலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. டியர்பார்ன் பள்ளி வாரியக் கூட்டத்தில் நூலகப் புத்தகங்களை எதிர்த்துக் கூட்டம் கூடியது நாடு முழுக்கச் செய்தியானது. ஏற்கெனவே பிடி தளர்ந்திருந்தது. காசா கடைசித் தள்ளு.

ஸ்டார் கவுண்டியிலும் இதுதான் நடந்தது. "இவர்கள் நம் ஓட்டு, எங்கே போய்விடப் போகிறார்கள்" என்று கட்சி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது. காரணம் ஊருக்கு ஊர் வேறு. கண்டுகொள்ளாமல் விட்டது எல்லா இடத்திலும் ஒன்று.

---

நூர்ஜஹான், டியர்பார்ன்

கார்த்திக், இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 2022 பள்ளி வாரியக் கூட்டம் எனக்கும் தெரியும்; எங்கள் பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேச்சு ஓடியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஆளுநர் தேர்தலில் டியர்பார்ன் ஜனநாயகக் கட்சியின் விட்மர் அம்மையாரைத்தான் முன்னிலையில் வைத்தது. பிடி தளர்ந்தவர்கள் இருந்தார்கள், கை விடவில்லை. விட வைத்தது 2023 அக்டோபருக்குப் பிறகு வந்த ஒரு வருடம்.

செல்வநாயகி தங்கச்சி, நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் இல்லை. 2025 பிப்ரவரி 4 அன்று நெதன்யாகுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசாவை அமெரிக்காவே எடுத்துக்கொள்ளும், அங்குள்ளவர்கள் வேறு இடம் போகட்டும் என்று டிரம்ப் சொன்னார். "அரபு அமெரிக்கர்கள் டிரம்புக்காக" என்று இயங்கிய அமைப்பு அந்த வாரமே பெயரை மாற்றி "அமைதிக்காக" என்று வைத்துக்கொண்டது. ஜூனில் வந்த பயணத் தடைப் பட்டியலில் ஏமன் இருந்தது. ஹாம்ட்ராமிக்கிலும் எங்கள் ஊர் தெற்குப் பகுதியிலும் எத்தனையோ ஏமன் குடும்பங்கள். தேர்தலில் துணை நின்ற மேயர்கள் இருவருக்கும் தூதர் பதவிக்குப் பெயர் முன்மொழியப்பட்டது, காலிபுக்குக் குவைத், அப்போதைய டியர்பார்ன் ஹைட்ஸ் மேயர் பில் பஸ்ஸிக்குத் துனிசியா. ஊருக்கு என்ன வந்தது என்று அந்த அக்காவே இப்போது கேட்கிறார்.

இதையெல்லாம் நாங்கள் பார்க்காமல் இல்லை. ஆனாலும் "பார்த்தாயா, பட்டாயா" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒரு வருடம் குண்டு அனுப்பியது எந்த அரசு? வாக்காளர்தான் வேட்பாளருக்கு இறங்கி வர வேண்டும், வேட்பாளர் வாக்காளருக்கு இறங்கி வர வேண்டியதில்லை என்று யார் விதித்தது?

---

அரசு, சென்னை

ஒரு சந்தேகம். ஹாரிஸ் காசா விஷயத்தில் விலகி நின்றிருந்தால் யூத வாக்காளர்கள் போயிருக்க மாட்டார்களா? பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர் வாக்கு, மிச்சிகனுக்கு 15. அரசியல் கணக்குப்படி அவர் செய்தது சரிதானே?

---

தாமிரபரணி ஆசிரியர்

நியாயமான சந்தேகம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டித்த தீர்மானத்துக்கு கார்ட்டர் அரசு ஆதரவாக ஓட்டுப் போட்டது. பிறகு அது தகவல் தொடர்பில் நேர்ந்த தவறு என்று பின்வாங்கியது. அதே மாதம் நியூயார்க் பிரைமரியில் எட்வர்ட் கென்னடியிடம் கார்ட்டர் தோற்றார். நவம்பரில் யூத ஓட்டில் அவருக்குக் கிடைத்தது சுமார் 45 சதவீதம். ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்குப் பல பத்தாண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. அந்த ஆண்டு ஈரான் பணயக் கைதிகள், பணவீக்கம் எல்லாமே சேர்ந்து அடித்தன என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் 1980-இன் அச்சத்தை 2024-க்கு அப்படியே கொண்டுவரலாமா என்பது எனக்குச் சந்தேகம். இன்றைக்குப் போர்நிறுத்தம் கேட்டவர்களில் யூத இளைஞர்களும் நிறைய இருந்தார்கள். பென்சில்வேனியாவைக் காப்பாற்றத்தான் ஹாரிஸ் அப்படி நின்றார் என்று வைத்துக்கொண்டாலும், பென்சில்வேனியாவும் போயிற்று. ஏழு ஊசலாட்ட மாகாணமும் போயிற்று.

---

மட்டுறுத்துநர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். மதத்தின் பெயரால் வாக்காளர்களை இழிவுபடுத்தும் வரிகள் இங்கே அனுமதி இல்லை. மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

மிச்சிகன் மணி

எல்லோருக்கும் நன்றி. தொடக்கத்தில் நான் வைத்த கணக்கில் மாற்றமில்லை. டியர்பார்ன் மட்டும் மிச்சிகனைக் கவிழ்க்கவில்லை. ஆனால் கார்த்திக் சொன்ன "எங்கே போய்விடப் போகிறார்கள்" என்பதையும் நூர் அக்கா சொன்ன பிப்ரவரி 27-ஐயும் சேர்த்துப் பார்த்தால், கட்சிக்கு எச்சரிக்கை வந்த தேதி நமக்குத் தெரிகிறது. அதற்கு முன் 2016-இல் டிரம்ப் மிச்சிகனில் ஜெயித்தது வெறும் 10,704 ஓட்டில். அவ்வளவு நூலிழையில் நிற்கிற மாகாணத்தில் லட்சம் பேர் கை தூக்கிச் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

இனி கவனிக்க வேண்டியது 2026 ஆகஸ்ட் 4. கேரி பீட்டர்ஸ் மீண்டும் போட்டியிடவில்லை என்பதால் மிச்சிகன் செனட் இடம் காலி. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஹேலி ஸ்டீவன்ஸ், மெலரி மெக்மாரோ, அப்துல் எல்-சயீத் என்று களம் அமைந்திருக்கிறது. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவது பற்றி மூவர் நிலையும் ஒன்றல்ல. டியர்பார்னும் ஹாம்ட்ராமிக்கும் எத்தனை பேரை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவருகின்றன என்று வார்டு வாரியாகப் பார்க்கலாம். முடிவு வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.

---

நூர்ஜஹான், டியர்பார்ன்

மணி அண்ணா, வாக்குச்சீட்டு எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்துவிடும், எல்லோரும் போடுவோம். பக்கத்து வீட்டு அக்காவும் ஜனநாயகக் கட்சிப் பக்கம்தான் குறிக்கப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை கதவைத் தட்டிக்கொண்டு யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்பாராம்.

---

செல்வநாயகி, டொரோண்டோ

கேளுங்கோ அக்கா. பதிலை எழுதி வாங்கி வையுங்கோ.